வெங்காய நாற்றுக்குப் பீற் மொஸ்ஸா, தும்புச்சோறா?

நடுவதற்கான வெங்காயமான விதைக்காயை விட்டு, பூவில் விளையும் உண்மை விதையில் சின்ன வெங்காயம் போடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது நாற்றுத்தட்டை எதனால் நிரப்புவது என்பதைத்தான். வன்னித் தோட்டக்காரருக்கு நாங்கள் சொல்வது தும்புச்சோறு, அதாவது தேங்காய் மட்டையில் தும்பு எடுக்கும்போது மிஞ்சும் தூள். ஆனால் உப்பை எடுத்த பிறகு மட்டும்.

பீற் மொஸ் என்பது கனடா, பால்டிக் நாடுகள் போன்ற குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பக்னம் பாசி அரைகுறையாக மக்கிப் படிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் படியும். உப்பு இல்லை, களைவிதையும் குறைவு. அது பெரிய நன்மை. ஆனால் புளிப்பு அதிகம், பீஎச் 3.5 – 4.5. வெங்காயத்துக்கு 6க்கு மேல் வேண்டும். அதனால் 10 லீற்றருக்கு 30 – 50 கிராம் டொலமைற் தூள் கலந்து, ஒரு கிழமை ஈரமாக வைத்துவிட்டுத்தான் விதைக்கலாம். கிணற்றுத் தண்ணி கல்தண்ணியென்றால் 30 கிராமோடு நிறுத்துங்கள்.

அதைவிடப் பெரிய குறை, காய்ந்தால் தண்ணியை ஏற்காது. சோளகம் வீசுகிற நாளில் ஒரு நேரம் பூவாளி தவறினால், குழியின் சுவரை விட்டுச் சுருங்கிவிடும். ஊற்றுகிற தண்ணி அந்த இடுக்கால் வழிந்துபோகும். மேலே நனைந்திருக்கும், வேர் காய்ந்து கிடக்கும். தட்டை அரை மணித்தியாலம் தண்ணியில் வைத்து, அடியால் உறிஞ்சவிட்டால்தான் மீளும்.

தும்புச்சோறு காய்ந்தாலும் உடனே நனையும், பீஎச்சும் 5.5 – 6.5. சிக்கல் உப்புத்தான். வெங்காயம் உப்புக்கு மிகவும் கூச்சப்பட்ட பயிர். உப்பின் அளவைக் காட்டுகிற மண்சாற்றின் மின்கடத்தல் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையும். இளநாற்றில் இலைநுனி கருகுவது அதன் முதல் அடையாளம். ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: மட்டை ஊறியது நன்னீரிலா, களப்புத் தண்ணியிலா?

5 கிலோ தும்புச்சோற்றுக் கட்டியை 25 – 30 லீற்றர் தண்ணியில் ஊறவிட்டு, மூன்று தடவை கழுவி வடியுங்கள். மழைத்தண்ணி, குளத்துத் தண்ணி நல்லது. வெறும் தண்ணி, நாரில் ஒட்டிய சோடியத்தைக் கழற்றாது. கல்சியம்தான் அதைத் தள்ளும். 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றை 10 லீற்றரில் கரைத்து ஊற்றி, ஓரிரவு விட்டு, இன்னொரு தடவை அலசுங்கள். பிழிந்த தண்ணியில் மின்கடத்தல் மானி மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸுக்குக் கீழே காட்ட வேண்டும்.

தும்புச்சோற்றில் சத்து இல்லை. மூன்று பங்குக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய கூட்டெரு சேருங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் கிழமை நாற்று வெளிறும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் நாலைந்து துளிதான் வரவேண்டும். அதற்கு மேலென்றால் நாற்றழுகல் வரும்.

களப்பில் ஊறிய சோறுதான் கிடைக்கிறது, கழுவ நல்ல தண்ணியும் இல்லை என்றால் மட்டும் பீற் மொஸ்ஸுக்குக் காசு செலவழியுங்கள்.