ட்ரோண்டல் பிளஸ் குடற்புழு மாத்திரை: நாய் வளர்ப்போருக்கு ஒரு மதிப்பீடு

ராயபுரத்தில் எங்கள் வீட்டு நாட்டு நாய்க்குச் சில ஆண்டுகளாக நாங்கள் கொடுத்துவரும் மருந்து ட்ரோண்டல் பிளஸ். ஒரு மாத்திரையில் பிராசிகுவான்டல் 50 மில்லிகிராம், பைரன்டல் எம்போனேட் 144 மில்லிகிராம், ஃபெபன்டல் 150 மில்லிகிராம் ஆகியவை சேர்ந்திருப்பதால், உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு ஆகிய நான்கும் ஒரே வேளையில் நீங்குகின்றன. பைரன்டல் மட்டும் உள்ள திரவ மருந்துக்கு நாடாப்புழு அசையாது. மாத்திரை கொடுத்த பிறகு மலத்தில் புழு தென்படவில்லையே என்று ஐயுற்று மறுவேளை கொடுப்பவர்கள் உண்டு. பிராசிகுவான்டலால் சிதைந்த நாடாப்புழு குடலிலேயே செரித்துவிடுவதால் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

10 கிலோ எடைக்கு ஒரு மாத்திரை என்பதே அளவு. ஆனால் அருகிலுள்ள கடையொன்றில், "குட்டியா, பெரிய நாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காலாவதித் தேதி இல்லாத பக்கமாக அட்டையை வெட்டிக் கொடுத்தார்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, நம் எடையைக் கழித்துக்கொண்டு கடைக்குச் செல்வதே நல்லது.

இது முன்கூட்டிக் காக்கும் மருந்து அன்று என்பதைத்தான் வாங்குவோர் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுக்களை நீக்குவதோடு இதன் வேலை முடிந்துவிடுகிறது. நாய்களிடம் பரவலாகக் காணப்படும் நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுவது. உடம்பைக் கடித்துச் சொறியும்போது நாய் ஒரு பூச்சியை விழுங்கினாலே போதும், சுமார் மூன்று வாரங்களில் ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போன்ற துண்டுகள் மீண்டும் தோன்றலாம். ஆகவே தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போடாமல் இந்த மாத்திரையை மட்டும் நம்புவது வீண்செலவு. தெருநாய்களும் வீட்டு நாய்களும் ஒரே மணலில் புரளும் காசிமேட்டுப் பக்கத்துச் சந்துகளில், மலத்தை அன்றன்றே அள்ளிவிடுவதும் மருந்துக்கு இணையான வேலையே. உருண்டைப்புழுவின் முட்டை தொற்றும் நிலையை அடைய மண்ணில் சில வாரங்கள் கிடக்க வேண்டும். அதற்குள் அகற்றிவிட்டால், அங்கே விளையாடும் குழந்தைகளுக்கும் அது பாதுகாப்பு. கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே நுழையக்கூடியது.

வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தல் பொதுவான வழக்கம். குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலேயே புழுநீக்கத்தைத் தொடங்க வேண்டும் என்றாலும், அந்த வயதுக்குத் திரவ மருந்தே வசதியானது. சினையாக உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கலாகாது. பூனைக்கென்று தனி மாத்திரை இருக்கிறது. அதற்கு நாய் மாத்திரையை உடைத்துப் போடக் கூடாது.

கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை இந்த மருந்து தொடாது. மாத்திரைக்குப் பிறகும் கழிச்சல் நிற்காவிட்டால், இன்னொரு மாத்திரை வாங்குவதை விட, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மலத்தைச் சோதித்துப் பார்ப்பதே முறை. அன்று காலை கழிந்ததைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். மணலில் கிடந்து காய்ந்தது சோதனைக்கு உதவாது.