35 ஏஹெச் கார் பேட்டரி: அமரானா, எக்சைடா? வீட்டிலேயே மாற்றுபவர்களுக்கான மதிப்பீடு

ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 மாதிரியான சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதுமானது 35 ஏஹெச் (ஆம்பியர் மணி, சேமிப்புத் திறனின் அளவு) பேட்டரி. இந்த அளவில் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது அமரான் அல்லது எக்சைடு. அமரான் திருப்பதி பக்கத்து ஆலையில் தயாராகிறது. எக்சைடுக்கு ஓசூரிலேயே ஆலை இருக்கிறது. இரண்டுமே தண்ணீர் அதிகம் குடிக்காத கால்சியம் வகை, இரண்டுமே நல்ல பொருள். பிராண்டை வைத்து மட்டும் முடிவெடுப்பது வீண். ஆறு மாதம் அலமாரியில் கிடந்த நல்ல பிராண்டை விட, போன மாதம் ஆலையிலிருந்து வந்த சுமாரான பிராண்டே அதிக நாள் உழைக்கும். அதனால் விற்பனை வேகமாக நடக்கும் கடையைத் தேடுங்கள். சரக்கு தேங்காத கடை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கடையின் பிராண்டே உங்கள் பிராண்ட்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதிக் குறியீட்டைக் கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஆறு மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம். பிறகு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால் அளவு, 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே இருக்கும் 'புது' பேட்டரியைத் திருப்பிக் கொடுங்கள். சார்ஜ் குறைந்தபடியே கிடக்கும் பேட்டரியில் தகடுகள் மேல் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பின்னால் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தக் கொள்ளளவு முழுசாகத் திரும்பாது. மேலே பச்சை தெரியும் 'மேஜிக் ஐ' கண்ணாடியை நம்பி இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டாம். உள்ளே ஆறு செல் இருக்க, அது காட்டுவது ஒரே ஒரு செல்லின் நிலையை.

அடுத்து அளவு. பேட்டரி மேல் 38பி20எல், 38பி20ஆர் என்று அச்சிட்டிருக்கும். 38 திறன் தரம், 'பி' அகல உயர வகை, 20 ஏறக்குறைய நீளம் சென்டிமீட்டரில். கடைசி எழுத்தில்தான் ஆள் ஏமாறுவது. டெர்மினல் (கேபிள் மாட்டும் முனை) இருக்கும் நீளப்பக்கத்தை உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். ப்ளஸ் வலது கைப்பக்கம் வந்தால் எல், இடது கைப்பக்கம் வந்தால் ஆர். மாற்றி வாங்கினால் காரின் கேபிள் எட்டாது. இழுத்துப் பிடித்துத் திருப்பி மாட்டினால் மெயின் ஃப்யூஸும், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டயோடும் போய்விடும்.

டெர்மினல் பருமனையும் பாருங்கள். பி20 வகையில் மெல்லிய டெர்மினல் (ப்ளஸ் 14.7 மி.மீ., மைனஸ் 13 மி.மீ.), தடித்த டெர்மினல் (19.5, 17.9 மி.மீ.) இரண்டுமே உண்டு. தடித்தவற்றின் பெயரில் கடைசியில் 'எஸ்' சேர்ந்து எல்எஸ், ஆர்எஸ் என்று வரும். தடித்ததற்கான கேபிள் கிளாம்பை மெல்லியதில் போட்டு எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லை என்ற புகாரில் பாதி இந்த லொடலொடப்புதான். ஆணி, தகரத் துண்டு செருகுவது வேலைக்கு ஆகாது. மெல்லிய டெர்மினல் மேல் மாட்டும் ஈய ஸ்லீவ் கடையில் கிடைக்கும்.

'45 ஏஹெச் போட்டால் இன்னும் நல்லா இருக்குமே' என்று சிலர் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது பி24 அளவு, நீளம் 24 செ.மீ. பக்கம். டிரேயும் மேல் கிளாம்பும் (பேட்டரியை ஆடாமல் பிடிக்கும் பட்டை) மாற்றாமல் உட்காராது. சிக்னலில் எஞ்சின் தானே நின்று ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் காராக இருந்தால் இந்த மதிப்பீட்டில் சொல்லும் சாதா பேட்டரியே வேண்டாம். அதற்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான்.

உத்தரவாதத்தில் மாதக்கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். 60 மாதம் என்று பெரிதாகப் போட்டு, கீழே 30+30 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 30 மாதம்தான் இலவச மாற்று, மீதி காலத்தில் தேய்மானத்துக்கு ஏற்பப் புது பேட்டரி விலையில் ஒரு பகுதி தள்ளுபடி, அவ்வளவே. நம்ம ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடம் ஓடுவதே நல்ல பேட்டரிக்கு அடையாளம். இலவச மாதங்கள் எத்தனை என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். டாக்சிக்கு உத்தரவாதக் கணக்கே வேறு, சொந்த உபயோகம் என்று உத்தரவாத அட்டையில் எழுதி ஓட்டினால் கிளெய்மை மறுத்துவிடுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. பில்லில் எது போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் தப்பில்லை.

இனி மாற்றும் வேலை. 10 மி.மீ. ரிங் ஸ்பேனர் ஒன்று, கம்பி பிரஷ், ஆப்ப சோடா, வாசலின், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. அரை மணி நேர வேலை. சாவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டு, ஒரு கதவுக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். மின்சாரம் போனபின் கதவு பூட்டிக்கொண்டால் சாவி உள்ளே இருப்பது வேடிக்கையல்ல. சில நிமிடம் கழித்து மைனஸை முதலில் கழற்றுங்கள். ப்ளஸை முதலில் தொட்டால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் அதற்காகக் காத்திருக்கும். பிறகு ப்ளஸ், கடைசியில் மேல் கிளாம்பு. பேட்டரி பத்து கிலோ பக்கம் கனக்கும். சாய்க்காமல் தூக்குங்கள்.

டிரேயிலும் கிளாம்பிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரை நின்ற பிறகு கழுவித் துடைத்து, கிளாம்பின் உட்புறத்தைப் பளபளக்கத் தேயுங்கள். புது பேட்டரியை உட்கார வைத்ததும் மேல் கிளாம்பை மாட்டுங்கள். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் குலுக்கலில் தகட்டிலிருந்து பசை உதிர்ந்து, கிளெய்முக்குப் போகும்போது 'மெக்கானிக்கல் டேமேஜ்' என்று திருப்பி அனுப்புவார்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் பெட்டி பிதுங்கும். ஆட்டிப் பார்த்து ஆடாவிட்டால் போதும். கேபிள் மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கேபிள் கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள், ஈயம் மெத்தென்றது. இறுக்கிய பிறகே மேலே வாசலின் தடவ வேண்டும்.

ஸ்டார்ட் செய்து டெர்மினலில் மீட்டர் வையுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோதான் கோளாறு, புது பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும். 15-க்கு மேல் போனால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது, பேட்டரி வெந்துவிடும். கடிகாரம், ரேடியோ, ஆட்டோ விண்டோ மறந்துபோயிருந்தால் மறுபடி செட் செய்தால் சரியாகும். ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கும், சில நிமிடம் ஓடவிட்டால் அடங்கும்.

வீட்டுக்கே வந்து இலவசமாக மாட்டித் தரும் சேவைகளைப் பற்றி: தூக்குவது, பழையதைக் கொண்டுபோவது இரண்டுக்கும் அது வசதி. ஆனால் ஆள் அவசரத்தில் வந்தால் விட்டுப்போவது மூன்று: கேபிள் கிளாம்பைத் தேய்ப்பது, மேல் கிளாம்பை மாட்டுவது, சார்ஜிங் வோல்ட் காட்டுவது. மூன்றையும் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், அட்டையில் தேதியும் வண்டி எண்ணும் எழுதி முத்திரை வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். ஏற்கெனவே சரியான பேட்டரி வாங்கி வைத்திருப்பவருக்கு இந்தச் சேவையில் பெரிதாக லாபமில்லை. 'எல்' வகையா 'ஆர்' வகையா என்று குழம்புபவருக்கு உண்டு, ஏனென்றால் தவறான பேட்டரியைத் திருப்பி எடுத்துப்போகும் பொறுப்பும் அவர்களுடையது.

பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலை, எக்ஸ்சேஞ்சோடு விலை என்று இரண்டையும் கேட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். காயலான் கடைக்காரர் கூடுதலாகத் தருவதாகச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஆசிடைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை உருக்குவதுதான் அங்கே நடக்கும். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, ஆகவே புதியதை விற்ற கடையிலேயே நிமிர்த்தி வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.