செவலைக்கு வரும் எலிப் பெட்டி: உறைந்த சுண்டெலி வாங்கி மூன்று வருஷ அனுபவம்

செவலை எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பு. ஆரஞ்சு உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள். வீடியோ காலில் முதல் தடவை பார்த்த என் அப்பா, "நம்ம செவலக் கன்னுக்குட்டி கலராட்டம் இருக்கே" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரியவன் ஒன்றரை வருஷம் விடாமல் கேட்டு வாங்கியது. வந்தபோது பென்சில் பருமன், இன்று மூன்றரை அடி.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில். இங்கே கார்ன் ஸ்நேக் வளர்க்க லைசென்ஸ் வேண்டாம். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வயலில் சாரை ஓடினால் ஓடட்டும், அதற்கான எலி அங்கேயே இருக்கிறது.

இங்கே எலி ஃப்ரீசரில் இருந்து வருகிறது. மூன்று வருஷத்தில் மூன்று இடத்தில் வாங்கிப் பார்த்தேன். பெயர் எதையும் போடவில்லை, என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாங்கியது பக்கத்தில் இருக்கும் பெரிய பெட் ஷாப்பில். குட்டிப் பாம்புக்கு 'பிங்கி', அதாவது முடி முளைக்காத, ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள எலிக்குஞ்சு. சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விலை அதிகம், அளவும் எப்போதும் இருக்காது. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை சாப்பிடும் குட்டியை வைத்துக்கொண்டு "அடுத்த வாரம் ஸ்டாக் வரும்" என்ற பதிலைக் கேட்பது கஷ்டம்.

இரண்டாவது, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஐம்பது எலி மூட்டை. செவலை அப்போது 'ஹாப்பர்' சாப்பிடும் பருவம். ஹாப்பர் என்றால் முடி வந்து துள்ளத் தொடங்கிய, எட்டுப் பத்து கிராம் குட்டி. கவரைப் பிரித்தபோது ஐம்பதும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. ஒன்றைப் பிய்த்தால் இன்னொன்றின் வால் கையோடு வந்தது. உள்ளே ஐஸ் துகள்கள், சில எலிகளின் கால்கள் காய்ந்து பழுப்பேறியிருந்தன. வழியில் ஒரு தடவை உருகி மறுபடி உறைந்த சரக்கு அது என்று இன்று பார்த்தவுடன் சொல்லுவேன். அன்று தெரியவில்லை. ஐஸ் விட்டபின் சில எலிகளுக்கு வயிறு பச்சையாக இருந்தது, நாற்றமும் வந்தது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, நன்றாக இருந்ததாகத் தெரிந்த ஒன்றைக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் காலை அறைக்குள் நுழையும்போதே வாடை. செவலை கக்கியிருந்தது. பாதி செரித்த எலி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பாம்பு குளிர்ந்த பக்கத்து மூலையில் சுருண்டு கிடந்தது. பெரியவன் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுதான். ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் காட்டினோம். உடனே சாப்பாடு காட்டாதீர்கள், இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள், பிறகு வழக்கத்தைவிடச் சின்னதாக ஒன்று கொடுங்கள் என்றார். அந்த இரண்டு வாரமும் அந்தப் பிள்ளை தினமும் காலையில் எழுந்து முதலில் தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் பார்த்தான். எடை கொஞ்சம் இறங்கியது, பிறகு மீண்டது. ஐம்பதில் மீதி அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மூன்றாவது இடத்தில்தான் இன்றுவரை வாங்குகிறோம். அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும், பாம்பும் பல்லியும் மட்டுமே விற்கும் சின்னக் கடை. கூரியரிலும் அனுப்புகிறார்கள். தெர்மோகோல் பெட்டி, உள்ளே ட்ரை ஐஸ். ஒவ்வொரு எலியும் தனித்தனியாக நீட்டிவைத்து உறையவைத்தது. கவரை உலுக்கினால் கூழாங்கல் மாதிரி தனித்தனியாக ஓசைப்படும். லேபிளில் எடை அச்சடித்திருக்கும். நான் சமையலறைத் தராசு போல ஒன்றைத் தனியாக வாங்கி வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன், லேபிளில் போட்ட அளவுக்குள்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை ஆர்டர் போட்டால் திங்கட்கிழமைதான் அனுப்புவார்கள், சனி ஞாயிறில் பெட்டி ஏதாவது கிடங்கில் கிடந்து உருகிவிடக் கூடாது என்று. எலியை எப்படிக் கொல்கிறார்கள் என்று கேட்டேன். கார்பன் டை ஆக்சைடு வாயு என்று மறைக்காமல் சொன்னார்கள். பிள்ளையாருக்கு வாகனமாச்சே என்று வருத்தப்படும் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அது. பெரிய சுண்டெலி ஒன்று ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. பத்து நாளைக்கு ஒன்று என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உயிருள்ள எலியைப் போட்டால் என்ன, அதுதானே இயற்கை என்று கேட்பவர்கள் உண்டு. அதே கடையில் ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு ஒன்றைக் காட்டினார்கள். பழைய சொந்தக்காரர் ராத்திரி உயிர் எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். பாம்புக்குப் பசியில்லை, எலிக்குப் பசி. முதுகில் விரல் நீளத்துக்குச் செதில் இல்லாத தழும்பு. கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட எலிக்கும் ஓட இடமில்லை, அதற்கும் அது கொடுமை. உறைந்த எலி என்றால் இரண்டு உயிருக்கும் அந்தப் பயம் இல்லை.

கொடுக்கும் விதம். முதல் நாள் ராத்திரி ஒரு எலியை ஜிப்லாக் கவரில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். இதற்கென்று கேரேஜில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கிறது. வெள்ளி, கிருத்திகை பார்க்கும் வீடு. எங்கள் சாப்பாட்டு ஃப்ரிட்ஜில் இதை வைக்க முடியாது. நோன்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வைக்கக் கூடாது: உறையவைத்தால் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சாகாது. 2015-லிருந்து இந்த நாட்டில் நூற்றுக்கணக்கானோருக்கு வந்த சால்மோனெல்லா நோய்க்கும் ஊர்வனவற்றுக்கு விற்கும் உறைந்த எலிக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகள் ஏராளம். எனக்கு நான்கு வயதில் சின்னவள் இருக்கிறாள். அதனால் எலி வேலை எதுவும் சமையலறைப் பக்கம் வராது. தனி டப்பா, தனி இடுக்கி, கேரேஜ் தொட்டி. முடிந்ததும் தொட்டியைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சின்னவளைத் தூக்குவேன்.

மறுநாள் சாயந்திரம், கவரோடு கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பதினைந்து, இருபது நிமிஷம். தண்ணீர் ஆறினால் மாற்றுவேன். மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஒரு பக்கம் வெந்துபோகும், மறுபக்கம் ஐஸாக இருக்கும், வயிறு வெடித்தாலும் வெடிக்கும். வெளியே எடுத்து வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே கோலிக்குண்டு மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் மறுபடி வெந்நீர். நல்ல சரக்கு என்றால் இந்த இடத்தில் தவிட்டு மூட்டையைத் திறந்த வாசனைதான் வரும். ஒருமுறை ஐஸ் விட்டதைப் பாம்பு தொடவில்லை என்றால் திரும்ப ஃப்ரீசரில் வைக்காதீர்கள், போட்டுவிடுங்கள்.

பிறகு நீண்ட இடுக்கியில் முதுகுப் பக்கமாகப் பிடித்து நீட்டுவது பெரியவன் வேலை. செவலை நாக்கை முதலில் மெதுவாக நீட்டும். வாடை பிடித்ததும் நாக்கு வேகமாகும், தலை அசையாது, கழுத்து 'எஸ்' மாதிரி மடியும். அடுத்த நொடி எலி இடுக்கியில் இருக்காது. செத்த எலி என்று அதற்குத் தெரியாது, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கும். அப்புறம் அவிழ்ந்து, மூக்கால் தடவித் தடவித் தலைப்பக்கத்தைத் தேடும். தலை முதலில் போனால் எலியின் காலும் முடியும் பின்னால் மடங்கிக்கொள்ளும். தாடை இடது, வலது என்று மாறி மாறி நகரும். கடைசியில் வாலின் நுனி மட்டும் உதட்டோரம் தொங்கி, அதுவும் போய்விடும். முடிந்ததும் பெரிதாக இரண்டு கொட்டாவி விட்டுத் தாடையைச் சரிசெய்துகொள்ளும். பெரியவன் மூச்சுவிடுவது அப்போதுதான் எனக்குக் கேட்கும்.

அதன் பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம் யாரும் தூக்கக் கூடாது. சூடான பக்கம் 28-லிருந்து 30 டிகிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல எலியும் சரியாகச் செரிக்காது. தோல் உரிக்கும் முன்பு கண் நீலம் பூத்திருக்கும் நாட்களில் நான் கொடுப்பதே இல்லை. அளவுக்கு, பாம்பின் உடம்பில் தடித்த இடத்தைப் பார்ப்பேன். எலி அந்தப் பருமன் இருக்கலாம், அல்லது கொஞ்சம் கூட. ராயல் பைத்தான் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதற்கு உதட்டோரம் சூட்டை உணரும் குழிகள் உண்டு, எலி வெதுவெதுப்பாக இல்லையென்றால் பெரும்பாலும் திரும்பியும் பார்க்காது. கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் கிடையாது, வாடை போதும்.

கடையில் குறை என்றால் ஒன்று. குறைந்தபட்ச ஆர்டர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரே பாம்பு வைத்திருப்பவருக்கு அது அதிகம். ஆறு மாதத்துக்கு மேல் ஃப்ரீசரில் வைக்க எனக்கு மனசில்லை, அதனால் மகனுடைய சிநேகிதன் வீட்டாரோடு பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கிறோம். இன்னொன்று, தெர்மோகோல் பெட்டியை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். எங்கள் கேரேஜில் ஆறு சேர்ந்துவிட்டது.

அம்மா ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் கூப்பிடுவாள். விளக்கு வைத்தபின் பாம்பு என்று வாயால் சொல்லமாட்டாள். "பூச்சி சாப்ட்டுச்சா?" என்பாள். நேற்றும் கேட்டாள். "சாப்ட்டுதும்மா, 22 கிராம்" என்றேன். அளவு போதாமல் அது இடுக்கியையே இன்னும் இரண்டு தடவை முகர்ந்து பார்த்தது. அடுத்த பெட்டிக்கு 25 கிராம் சொல்லியிருக்கிறேன்.