ஒரே நாள்தான் இருக்கிறது: ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா?

லண்டனில் தங்கி, ஒரு பகல் மட்டும் ஒதுக்க முடியும் என்றால் என் ஓட்டு கேம்பிரிட்ஜுக்கு. மழை பிடித்துக்கொண்டால் மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு.

ரயிலில் இரண்டுமே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பேடிங்டனில் ஏறினால் ஆக்ஸ்ஃபோர்டு, கிங்ஸ் கிராஸில் ஏறினால் கேம்பிரிட்ஜ். கேம்பிரிட்ஜ் ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பதால் இறங்கியதும் பஸ் பிடிப்பது நல்லது.

அதற்கப்புறம் அலைச்சலே இல்லை. பெரிய கல்லூரிகள் பலவும் கேம் ஆற்றங்கரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துக்கு 1446இல் அடிக்கல் நாட்டினார்கள். விசிறி விசிறியாக விரியும் அந்தக் கல் கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பதுகூடத் தெரியாது. பக்கத்தில் டிரினிட்டி. வாசலுக்கு மேலே எட்டாம் ஹென்றி சிலையின் கையைக் கவனியுங்கள்: செங்கோலுக்குப் பதில் ஒரு நாற்காலிக் கால்! மாணவர்களின் குறும்பு என்கிறார்கள். 1914இல் வந்த ராமானுஜன் 1918இல் ஃபெலோ, அதாவது கல்லூரியின் மூத்த உறுப்பினர், ஆனது இந்தக் கல்லூரியில்தான்.

பன்ட் எனும் தட்டையான படகு இரண்டு ஊரிலும் உண்டு. கேம்பிரிட்ஜில் பின்பக்க மேடைமேல் ஏறி நின்று கழி ஊன்றுவார்கள்; ஆக்ஸ்ஃபோர்டில் அதற்கு எதிர் முனையில், படகுக்குள்ளேயே நின்று. கேம்பிரிட்ஜில் கல்லூரிகளின் கொல்லைப்புறம் முழுக்கப் படகிலிருந்தே பார்த்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டின் செர்வெல் ஆற்றில் மரமும் புல்வெளியும்தான் அதிகம்.

ஆக்ஸ்ஃபோர்டின் பலம் கூரைக்கு அடியில். ஆஷ்மோலியன், பிட் ரிவர்ஸ் இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் கட்டணம் கிடையாது. பிட் ரிவர்ஸில் நாடு வாரியாக அல்ல, பொருள் வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். பல ஊர் முகமூடிகள் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள்! அங்கே நுழைந்தால் பாதி நாள் போச்சு. ராட்கிளிஃப் கேமரா என்ற நூலகத்தின் வட்டக் கட்டடம் அழகுதான், ஆனால் வழிகாட்டியோடு போகும் டூருக்குப் பதிவு செய்யாவிட்டால் வெளியில் நின்று போட்டோ எடுப்பதோடு சரி. நேரம் மிஞ்சினால் வால்டன் தெருவுக்குப் போங்கள். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பின் கல்லறை அங்கே செயின்ட் செபுல்கர்ஸ் இடுகாட்டில் இருக்கிறது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை பரீட்சைக் காலம். பல கல்லூரிகள் கதவைச் சாத்திவிடும். கிங்ஸுக்கும் ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கும் டிக்கெட் விலை கையைக் கடிக்கும். ஆனால் மாலை வழிபாட்டுக்குப் போனால் இரண்டிலும் காசு வாங்குவதில்லை, பாடகர் குழுவின் பாட்டையும் கேட்கலாம். கொஞ்சம் முன்னாடியே போய் வரிசையில் நில்லுங்கள். போனை மட்டும் பைக்குள் போட்டுவிடுங்கள்.