ஞாயிறு காலை டேக் ரக்பி: இரண்டு பருவம் போய்வந்த ஓர் அப்பாவின் கணக்கு

வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு ரக்பி கழகம் இருக்கிறது. மகனை அங்கே சேர்த்து இரண்டு பருவம் முடிந்துவிட்டது. "சின்னப் பிள்ளையை ரக்பிக்கு விட்டிருக்கிறீங்களே, பயமில்லையா?" என்று தமிழ்ப் பள்ளி வாசலில் நாலைந்து பேராவது கேட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கழகத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். அங்கே கோச்சாக நிற்பவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காத அப்பா அம்மாமார்.

முதலில் அந்தப் பயம். இங்கிலாந்தில் 7 வயதுக்கு உட்பட்டோர், 8 வயதுக்கு உட்பட்டோர் என்ற இரண்டு பிரிவுகளிலும் ஆளைக் கட்டிப் பிடித்து விழுத்துகிற ரக்பி கிடையாது. டேக் மட்டும்தான். இடுப்பில் ஒரு பட்டி. அதில் வெல்குரோவால் ஒட்டிய இரண்டு நாடாக்கள், பக்கத்துக்கு ஒன்று. பந்தோடு ஓடுகிற பிள்ளையின் நாடாவை எதிரணிப் பிள்ளை உருவி எடுத்தால் ஆளைப் பிடித்த கணக்கு. உருவியவர் நாடாவை உயர்த்திக்கொண்டு "டேக்!" என்று கத்த வேண்டும். பந்து வைத்திருப்பவர் மூன்று எட்டு வைப்பதற்குள் நின்று, மூன்று விநாடிக்குள் பந்தைப் பின்னால் வருகிற ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். பந்தை உதைக்கக் கூடாது, கையால் ஆளைத் தள்ளக் கூடாது, நாடாவைப் பொத்திப் பிடிக்கக் கூடாது. மேற்சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடா தெரியாது. சட்டம் அவ்வளவுதான். சின்ன வயதுப் பிரிவில் அணிக்கு நாலு பேர், அடுத்ததில் ஆறு பேர்.

என் மாமா, அதாவது மனைவியின் அப்பா, கண்டியில் புடவைக் கடையில் முப்பது வருடம் கணக்கெழுதியவர். ரக்பியை அவர் 'றகர்' என்றுதான் சொல்வார். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதுகிற பிராட்பி கேடயப் போட்டி கண்டியில் நடக்கிற நாளில் வாகனமெல்லாம் கொடி கட்டிக்கொண்டு போகும், கடையில் ஒரு முழத் துணி விற்காது என்பார். வேலிக்கு வெளியே நின்று எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறார். பந்தைக் கையால் தொட்டதில்லை. அது வேறு ஆட்களின் விளையாட்டு என்பது அவர் எண்ணம்.

அவரை ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போனேன். குளிருக்கு மூக்கு மட்டும் தெரிகிற மாதிரிப் போர்த்திக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, இது றகர் இல்லை. கிளித்தட்டுக்குள்ள ஒரு பந்தைக் குடுத்து விட்டிருக்கினம்."

எனக்கு உண்மையில் அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டம் விளங்கியது. நான் பருத்தித்துறைப் பக்கம் வளர்ந்தவன். கிளித்தட்டில் என்ன செய்வோம்? கோட்டில் காவல் நிற்பவனுக்கு இடப்பக்கம் போவதாகக் காட்டி வலப்பக்கம் பாய்வோம், வயிற்றை எக்கி அவன் விரல் நுனிக்குத் தப்புவோம். மகன் நாடாவைக் காப்பாற்ற இடுப்பை வெட்டி ஓடுவதும் அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. கிளித்தட்டில் பாதி நேரம் சண்டையில் போகும். "பட்டது!" "படேல்லை!" "உன்ர அம்மாவாணச் சொல்லு!" கடைசியில் பெரிய பெடியன் யாரோ அவன் சொல்வதுதான் தீர்ப்பு. இங்கே நாடா கையில் இருந்தால் பட்டது, இல்லாவிட்டால் படவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகள் வாதாடாமல் விளையாடுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. நல்ல பழக்கம் என்பதால் அல்ல, வாதாட இடமே இல்லாததால்.

இன்னொரு விஷயம். நாடாவை உருவிய பிள்ளை அதை எறிந்துவிட்டு ஓடக் கூடாது. உரியவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். உரியவர் அதைப் பட்டியில் ஒட்டிய பிறகுதான் மீண்டும் ஆட்டத்தில் சேரலாம். ஒரு காலையில் நாற்பது ஐம்பது தடவை, பிடித்தவனும் பிடிபட்டவனும் நேருக்கு நேர் நின்று கொடுத்து வாங்குகிறார்கள். என் மகன் முதல் ஞாயிறு இதை ஒருபடி மேலே கொண்டுபோனான்: எதிரே ஒரு பிள்ளை ஓடி வருவதைக் கண்டதும் தன் நாடாவைத் தானே உருவி, "இந்தா" என்று நீட்டிவிட்டான். கோச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குந்தியிருந்து அவனுக்கு விளக்கினார்.

அவன் கூச்ச சுபாவம். அதற்கு முன் ஒரு வருடம் கால்பந்துக்கு அனுப்பினோம். பந்து வராத மூலையாகப் பார்த்து நின்று நேரத்தைப் போக்கினான். நாலு பேர் அணியில் ஒளிய மூலை இல்லை. பந்தை முன்னால் எறிய முடியாது என்பதால், வேகமாக ஓடுகிற ஒருவனே எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போவதும் குறைவு. நாடா போனதும் அவன் திரும்பிப் பார்த்து யாரையாவது தேடித்தான் ஆக வேண்டும். பின்னால் கொடுப்பது என் மகனுக்குப் பிடிபட ஒக்டோபர் ஆனது. நவம்பரில் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்து முதல் 'ட்ரை' வைத்தான். சரியான பக்கத்தில்தான்.

பெண் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாடுகிறார்கள். முதல் பருவத்தில் எங்கள் பிரிவில் ஒருத்திதான். 2025 செப்டெம்பர் 27ஆம் திகதி லண்டன் ட்விக்கனம் அரங்கில் பெண்கள் ரக்பி உலகக் கிண்ண இறுதி ஆட்டம், 81,885 பேர் முன்னிலையில் இங்கிலாந்து கனடாவை 33–13 என வென்றது. அடுத்த ஞாயிறு புதிதாக மூன்று சிறுமிகள் வந்து நின்றார்கள். அதில் ஒருத்தி என் மகனின் நாடாவை உருவுகிற வேகம் இருக்கிறதே, அவன் வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

இனிக் குறைகள்.

முதலாவது பட்டி. கழகத்தின் பட்டிகள் எத்தனை வருடப் பழசோ தெரியாது. வெல்குரோவுக்குள் புல்லும் சேறும் ஏறி, பிடிமானமே போய்விட்டது. பிள்ளை ஓடத் தொடங்கினால் நாடா தானே கழன்று விழும், ஆட்டம் நிற்கும். சிலதில் நேர் எதிர்: அப்படியே ஒட்டிக்கொண்டு, இழுத்தால் பட்டியோடு காற்சட்டையும் வரும். போதாததற்கு எல்லாம் பெரியவர் இடுப்புக்குத் தைத்த அளவு. மகனுக்கு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவேன். முழு ஆட்டமும் நம்பியிருக்கிற ஒரே ஒரு பொருள் இது. ஆண்டுச் சந்தாவாக எங்களிடம் 130 பவுண் வாங்குகிறவர்கள் அதை மாற்றக் கூடாதா? இரண்டு தடவை சொன்னேன். "நல்ல யோசனை" என்றார்கள். கடைசியில் நானே இணையத்தில் பத்துப் பட்டி கொண்ட ஒரு பை வாங்கினேன். தையல் ஊசியின் நுனியால் வெல்குரோவைக் கிண்டித் துப்புரவாக்கினால் புதுசு மாதிரிப் பிடிக்கும் என்பதையும் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது, தகவல். மைதானம் உறைந்துவிட்டதா, தண்ணீர் நிற்கிறதா என்பது ஞாயிறு காலை எட்டே முக்காலுக்குத்தான் வாட்ஸ்அப்பில் வரும். அதற்குள் பிள்ளை இரண்டு காலுறையும் சப்பாத்தும் போட்டுப் படியில் உட்கார்ந்திருப்பான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு இது, கோயிலுக்கு எப்போது என்று அம்மா தொலைபேசியில் கேட்கிற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் இல்லை.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. பன்றி இறைச்சி வைத்த பாண், இல்லாவிட்டால் சிப்ஸ். நாங்கள் இட்லியும் சம்பலும் கொண்டுபோகிறோம். கோச் ஒருவர் இப்போது வாரம் தவறாமல் எங்கள் கார்ப் பக்கம் வருகிறார்.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல். இந்த வயது ஆட்டங்களில் யார் வென்றது என்று பெரிதாக அறிவிப்பதில்லை, புள்ளிப் பட்டியலும் இல்லை. ஆனால் கோட்டோரம் நிற்கிற சில அப்பாமாருக்கு மனதுக்குள் பட்டியல் ஓடுகிறது. ஒருவர் தன் மகனைப் பார்த்து "அடித்து விழுத்து" என்ற கருத்தில் கத்தினார், நாடா கட்டிய பிள்ளைகள் ஆட்டத்தில்! கோச் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் ஓடுகிற வாக்குவாதம். வருகிற செப்டெம்பரில் மகன் 9 வயதுக்கு உட்பட்ட பிரிவுக்குப் போகிறான். அங்கே நாடா இல்லை, ஆளைப் பிடிக்கிற ஆட்டம் தொடங்குகிறது. மனைவி தாதி. பாடசாலை ரக்பியில் டேக்கிளை, அதாவது ஆளைக் கட்டிப் பிடித்து விழுத்துவதை, நிறுத்தச் சொல்லி 2016இல் எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பகிரங்கக் கடிதம் எழுதியது அவளுக்குத் தெரியும். கோச்மாரிடம் கேட்டோம். மழுப்பாமல் பதில் சொன்னார்கள், அதைப் பாராட்ட வேண்டும். 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்தின் கழக ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் பிடிக்கலாம். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும். மூளை அதிர்ச்சி என்றால் குறைந்தது 21 நாள் போட்டி இல்லை. எனக்கு அது திருப்தி. அவளுக்கு இல்லை. "விதி எழுதுறது வேறை, எங்கட வார்டுக்கு வாறது வேறை" என்றாள். மாமா யார் பக்கமும் சேரவில்லை. வசதியான இடத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்.

என் குறை என்னவென்றால், நாடாவோடு தொடர்ந்து விளையாட விரும்புகிற எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கழகத்தில் ஞாயிறு காலையில் இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிப் பாடத்தில் டேக் இருக்கிறது, பெரிய வகுப்புகள் பக்கத்துப் பள்ளிகளோடு விளையாடப் போவதும் உண்டு. கழகம் ஏன் ஒரு மூலையையாவது ஒதுக்கக் கூடாது? பத்துப் பட்டி நான் தருகிறேன் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. இதற்கிடையில் மாலையில் வெளிச்சம் இருக்கிற நாட்களில் பூங்காவுக்குப் போகிறோம். மச்சான் பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சோமாலியப் பிள்ளைகள், ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிடுவார்கள். கோட்டுக்குச் சப்பாத்துகளை வரிசையாக வைக்கிறோம்.

ஆறு ஏழு வயதில் பிள்ளை இருந்தால் தயங்காமல் சேருங்கள். ஐந்துக்கு நாலு புள்ளி தருவேன், பறித்த ஒன்று பட்டிக்கு. முதல் ஒன்றிரண்டு ஞாயிறு காசில்லாமல் வந்து பார்க்க எங்களை விட்டார்கள். உங்கள் பக்கத்துக் கழகத்திலும் கேட்டுப் பாருங்கள். பல்லுக்கு உறை இந்த வயதுக்குத் தேவைப்படவில்லை. ஆணி வைத்த சப்பாத்து, மெல்லிய கையுறை, உலர்ந்த காலுறை இரண்டு சோடி. காருக்குள் பழைய துவாய் ஒன்று விரித்து வையுங்கள், ஜனவரிச் சேறு இருக்கையில் ஊறினால் ஈஸ்டர் வரைக்கும் மணக்கும்.