முற்கோளா, சான்றா: கடலூரில் எது எடுபடும்?

எங்கள் பக்கத்து வாலிபர் கூட்டங்களில் அப்பாலஜெடிக்ஸ், அதாவது விசுவாசத்துக்கு நியாயம் சொல்லும் கலை, என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி, "ஆதாரத்தை எடுத்து வை, காலியான கல்லறையைக் காட்டு" என்கிறது. மற்றது, "தராசே கோணலாக இருக்கும்போது எதை நிறுத்து என்ன பயன்?" என்று கேட்கிறது. முன்னது சான்று வழி. பின்னது முற்கோள் வழி, ஒருவர் ஆராயாமலே முன்கூட்டி ஏற்றுக்கொண்டிருக்கும் அடிப்படையை, அதாவது முற்கோளை, முதலில் கேள்வி கேட்பது. இரு கட்சியும் பாடம் படித்தது யூடியூபில் வரும் அமெரிக்க விவாதங்களில். அங்கே எதிர் நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் நாத்திகர். கடலூரிலும் புதுச்சேரியிலும் நம்மோடு பேச உட்காருகிறவர் பாடலீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வந்தவராக இருப்பார், தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவராக இருப்பார். எந்த வழி நல்லது என்ற கேள்வியை இந்த மனிதர்களை முன்னால் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

முற்கோள் வழியை வகுத்தவர் கார்னேலியஸ் வான் டில். 1895-ல் நெதர்லாந்தில் பிறந்து, பிலடெல்பியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியில் 1929 முதல் பல பத்தாண்டுகள் கற்பித்தவர். நடுநிலையான மனிதன் என்று எவனும் இல்லை என்பதுதான் அவருடைய அடிப்படை. எல்லாரும் தேவனை அறிந்திருக்கிறார்கள், ஆனால் அந்தச் சத்தியத்தை அநியாயத்தினாலே அடக்கிவைக்கிறார்கள் என்று ரோமர் முதல் அதிகாரம் சொல்வதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆகவே "நீர் நீதிபதியாக உட்காரும், நான் தேவனைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்கிறேன்" என்று தொடங்குவதே தவறு என்றார். அதற்குப் பதிலாக, எதிராளியின் கொள்கைக்குள் வாதத்துக்காகப் போய் நின்று, அதை வைத்துத் தர்க்கமோ, இயற்கையின் ஒழுங்கோ, நன்மை தீமையோ நிலைக்குமா என்று கேட்க வேண்டும். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே, கொடு என்று நீதிமொழிகள் 26-ல் அடுத்தடுத்து வரும் இரண்டு வசனங்களும் இந்த வழியின் இரண்டு படிகள். அவருடைய சீடர் கிரெக் பான்சன் 1985-ல் கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் கோர்டன் ஸ்டெயின் என்ற நாத்திகரோடு விவாதித்தபோது, பருப்பொருள் மட்டுமே உண்மை என்றால் தர்க்க விதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். பிள்ளைகள் இன்றும் பகிர்ந்துகொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

எதிர்த் தரப்பில் இரண்டு வகையினர். தாமஸ் அக்குவினாஸ் காலத்திலிருந்து வரும் பழைய மரபு, முதலில் கடவுள் உண்டு என்று நியாயத்தால் நிறுவும், பிறகு கிறிஸ்துவிடம் வரும். ஸ்ப்ரோல், கெர்ஸ்ட்னர், லிண்ட்ஸ்லி மூவரும் 1984-ல் இந்த மரபுக்காக ஒரு நூல் எழுதி, வான் டில் முடிவையே தொடக்கமாக வைத்து வட்டம் சுற்றுகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். அந்த நூலை அவருக்கே காணிக்கையும் ஆக்கினார்கள். அந்தப் பண்பாடு நம் சபைச் சண்டைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மற்றவர்கள் நேராகச் சரித்திரத்துக்குப் போகிறவர்கள். கேரி ஹேபர்மாஸ் போன்றோர், அவிசுவாசிகளான ஆய்வாளர்களே பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் சிலவற்றை மட்டும் எடுப்பார்கள்: இயேசு சிலுவையில் மரித்தார், உயிர்த்தவரைக் கண்டதாகச் சீடர்கள் நம்பினார்கள், சபையைத் துன்பப்படுத்திய பவுல் மாறினார். 1 கொரிந்தியர் 15-ல் பவுல் எடுத்துச் சொல்லும் அறிக்கை சம்பவத்துக்கு மிக அருகில் உள்ள சாட்சி என்பது அவர்களுடைய பலம்.

புதுச்சேரியின் பகுத்தறிவுக்காரரிடம் எது எடுபடும்? சந்தேகமே இல்லை, முற்கோள் வழிதான். பாரதிதாசன் ஊர்க்காரர் அவர். கல்லறைச் சான்றுகளை அடுக்கினால் "அற்புதம் நடக்காது" என்ற ஒரே வரியில் தள்ளிவிடுவார், அந்த வரியே அவருடைய முற்கோள் என்பதை அவர் பார்ப்பதில்லை. ஆனால் சாதிக்கு எதிரான அவருடைய கோபம் உண்மையானது. பிறப்பால் எல்லாரும் சமம் என்பதை எந்தச் சோதனைக்கூடமும் அளந்து சொல்லவில்லையே, அதை ஏன் அசைக்கமுடியாத உண்மையாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு ஆழத்துக்குப் போகும். மனிதன் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டவன், தேவசாயல், என்ற பதில் அங்கே பொருத்தமாக வந்து விழும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அவர் திருப்பிக் கேட்பார். புதுச்சேரிக் கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளே தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தேவசாயல்தான் உங்கள் முற்கோள் என்றால் அந்தச் சுவர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு முகம் கொடுக்காதவன் முற்கோள் வழியைத் தொடவே கூடாது. நம் முற்கோளின்படி அது பாவம் என்று பெயர் சொல்லி ஒத்துக்கொள்வதுதான் அங்கே நேர்மையான பதில்.

வடலூர் அன்பரிடம் சான்று வழி தனியாகப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். கல்லறை காலியாக இருந்தது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள், "எங்கள் வள்ளலாரும் 1874-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு ஒளியில் கலந்தாரே" என்பார். மறுக்கவில்லை அவர், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார்! இயேசுவும் ஒரு சித்தர் ஆகிவிட்டார். அப்போஸ்தலர் நடபடிகளில் லீஸ்திரா ஊரில் பவுலுக்கு நடந்ததும் இதுதான். சப்பாணி எழுந்து நடந்ததை எல்லாரும் கண்ணால் கண்டார்கள், உடனே பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் சொல்லிக் காளைகளைக் கொண்டுவந்தார்கள். பவுல் மேலும் சான்று அடுக்கவில்லை. வானத்தையும் பூமியையும் உண்டாக்கின ஜீவனுள்ள தேவனிடத்திலிருந்து தொடங்கினார். சம்பவம் தானாகப் பேசுவதில்லை, கேட்கிறவன் எந்த உலகத்துக்குள் வைத்துக் கேட்கிறானோ அதன் பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறது என்று வான் டில் சொன்னது இந்த மாவட்டத்தில் அச்சு அசலாக உண்மை.

இங்கே நிறுத்தினால் முற்கோள் கட்சி வென்றுவிட்டது என்று தோன்றும். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் போனால் அப்படித் தோன்றாது. சமணத்தில் தருமசேனராக இருந்தவர் அப்பர். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டு இந்தக் கரையில் ஏறினார் என்று பெரியபுராணம் சொல்லும் அவர்தான், நீ காட்டாவிட்டால் யார் காணமுடியும் என்று சிவனைப் பாடுகிறார். பண்ருட்டிப் பக்கத்துத் திருத்துறையூரின் அருணந்தி சிவாச்சாரியார், காட்சியும் கருதலும் உரையும் என்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, வரிசைப்படுத்திவிட்டுத்தான் சிவஞான சித்தியாரில் வாதத்தில் இறங்குகிறார். இறைவன் அறிவிக்காமல் உயிர் அறியாது என்று சைவ சித்தாந்திக்கு நாம் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. "என் தேவனை முன்வைக்காமல் உங்களால் அறியவே முடியாது" என்று பான்சனின் வாக்கியத்தை எடுத்தால், "நானும் அதைத்தான் சொல்கிறேன், என் பதியை, சிவனை, முன்வைக்காமல் உங்களால் முடியாது" என்பார். பருப்பொருள்வாதியைத் திணறடித்த கேள்வி இங்கே முனை மழுங்கிப்போகிறது.

வான் டிலிடம் இதற்கும் ஒரு பதில் இருக்கிறது. ஒருமையும் பன்மையும் இரண்டும் மூலத்திலேயே இருப்பது திரியேக தேவனிடம் மட்டும்தான் என்பார். எல்லா வேற்றுமையும் மாயை என்கிற வேதாந்தியிடம் அது கூர்மையாகவே பாய்கிறது. சித்தாந்தி அப்படிச் சொல்கிறவர் அல்லர். பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு மூன்றும் அநாதி, மூன்றும் மெய் என்கிறவர். தேவன் படைக்காத மலத்தை, உயிரைக் கட்டும் அந்த அழுக்கை, தேவனால் எப்படி முற்றிலும் வெல்லமுடியும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். செம்பில் களிம்பு போல அது உயிரோடு இருக்கிறது என்று அவர் பதில் வைத்திருக்கிறார். பேச்சு நல்லதுதான், ஆனால் முட்டி நிற்கும்.

நகர வேண்டுமானால் சரித்திரத்துக்கு வந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிவன் கருவில் பிறப்பதில்லை என்பது சித்தாந்தத்தின் விட்டுக்கொடுக்காத இடம். நாமோ வார்த்தை மாம்சமானார், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்று ஒரு ரோம அதிகாரியின் பெயரை விசுவாசப் பிரமாணத்திலேயே வைத்திருக்கிறோம். இரண்டு தரப்பும் அருளை முன்வைக்கும்போது, அந்தப் பெயர் நடந்ததா இல்லையா என்று விசாரிக்கக்கூடிய ஒரு செய்தியை நம் பக்கம் வைக்கிறது. முற்கோள்காரர்கள் சான்றை ஒதுக்குகிறார்கள் என்று சொல்வதும் தவறு. வான் டில் ஒதுக்கவில்லை, அவர் வழியில் வந்த ஜான் பிரேம் இன்னும் தாராளமாகவே சான்றுக்கு இடம் தருகிறார். நம் பிள்ளைகள்தான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு முற்கோள்காரரான கோர்டன் கிளார்க் வேதத்தை மூலமெய்யாக, நிரூபிக்காமலே ஏற்கும் தொடக்கமாக, வைத்து மற்றதை வருவிப்பார். அதை எடுத்துக்கொண்டு ஆகமத்தை மூலமெய்யாக வைப்பவரிடம் போனால் பேச வழியே இருக்காது. கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா, வாதமே இல்லாமலும் விசுவாசம் நியாயமானதாக இருக்கலாம் என்று காட்டினார். கல்லூரிக்குப் போய் விசுவாசம் ஆட்டம் காண்கிற நம் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல், வெளியே பேச அவ்வளவாக உதவாது.

ஆகவே நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. பகுத்தறிவுக்காரரிடம் முற்கோளில் தொடங்குங்கள். வடலூர் அன்பரிடம் ஆதியாகமம் ஒன்றிலிருந்து தொடங்கி, படைத்தவர் யார் என்று தெளிவாக்கிய பிறகு கல்லறைக்கு வாருங்கள். சித்தாந்தியிடம் 1 கொரிந்தியர் 15-ஐ மறைக்காமல் முன்னால் வையுங்கள். 1 பேதுரு 3:15 உத்தரவு சொல்லச் சொல்வது சாந்தத்தோடும் வணக்கத்தோடும். எதிராளியைப் பேசவிடாமல் மடக்கும் பான்சன் பாணித் துணுக்குகள் அதில் சேராது. போவதற்கு முன் சித்தியாரின் பரபக்கத்தை, பிறர் மதங்களை மறுக்கும் பகுதியை, கொஞ்சமாவது படியுங்கள். உலகியல்வாதியான உலோகாயதன் தொடங்கி ஒவ்வொருவரின் மதத்தையும் முதலில் முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகுதான் அருணந்தி மறுதலைக்கு வருகிறார்.