தொகைமதிப்புக் கேள்வியும் பொலிஸ் பதிவுப் படிவமும்

திருகோணமலையில் யாராவது கதவைத் தட்டி விவரம் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும். என்றாலும் தொகைமதிப்பு என்கிற மக்கள் கணக்கெடுப்பையும், வீட்டில் இருப்பவர்களைப் பதியப் பொலிஸ் தரும் படிவத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

தொகைமதிப்பில் இனம், மதம், வயது, தொழில், கழிப்பறை வசதி வரை கேட்பார்கள். 2024இல் உவர்மலையில் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த பிள்ளை எல்லாவற்றையும் டெப் கணினியில் பதிந்தாள். "இனம்?" என்றதும் அம்மம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தொகைமதிப்புச் சட்டப்படி தனியாள் விவரத்தை வெளியிடுவது குற்றம்; வெளியே வருவது மொத்த எண்ணிக்கைதான். போரால் 2001இல் எங்கள் மாவட்டத்தில் கணக்கெடுப்பு முழுமையாக நடக்கவில்லை. 1981க்குப் பிறகு 2012 வரை எங்கள் மாவட்டத்தில் முழுமையான தொகைமதிப்பே நடக்கவில்லை. அதுவும் பெரிய இழப்புத்தான்.

பொலிஸ் படிவம் வேறு சங்கதி. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அப்படியே நிலையத்தில் கிடக்கும். ஆளை அடையாளம் காணத்தான் அது.

தொகைமதிப்புக்கு நான் ஒளிக்காமல் பதில் சொல்வேன். பொலிஸ் படிவம் வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ், யார் வைத்திருப்பார்கள் என்று முதலில் கேட்பேன். அப்புறம் ஒரு பிரதியும் எடுத்து வைப்பேன்.